ஏட்டி என்று கூப்பிட்ட ஆச்சிக்கு

தண்ணீர் எப்படி வந்தது, எவ்வளவு உயரம் ஏறியது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறவர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் என்று சொன்னால் போதும். எங்கள் வீட்டுச் சுவரில் கோடு அப்படியே இருக்கிறது, மூன்று தடவை கழுவியும் சேற்று வாடை போகவில்லை, மெத்தையைத் தூக்கிப் போட்டாயிற்று. பிள்ளை நன்றாக இருக்கிறாள். மற்றதெல்லாம் பொருள்தான், விடுங்கள்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு இந்த ஊருக்கு மாறுதல் வந்தபோது எங்கள் பெரியம்மா, "பாத்துப் போங்க கண்ணு, அங்கெல்லாம் எடுத்தவுடனே அருவாதானாமா" என்று சொல்லித்தான் அனுப்பினார். வெளியூர்க்காரர்களுக்குத் திருநெல்வேலி என்றால் ஒன்று அல்வா, இல்லாவிட்டால் அரிவாள். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பள்ளிக்கூடம் நடக்கிற பாளையங்கோட்டை தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. வெட்டுக்குத்துச் செய்தியெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை மறக்கவும் கூடாது. ஆனால் ஊருக்குப் போன் போடும்போதெல்லாம் "இன்னும் உயிரோட இருக்கோம்" என்று அரிவாள் ஜோக் அடித்தது சினிமாக்காரர்கள் இல்லை, நான்தான். இந்த ஊர்க்காரர்களிடம் முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு இங்கே பெரிய தொந்தரவாக இருந்தது அரிவாள் இல்லை, ‘ஏட்டி’. எங்கள் பக்கம் கைக்குழந்தையைக்கூட ‘வாங்க, போங்க’ என்போம். இங்கே பக்கத்துவீட்டு மாடியில் பீடி சுற்றுகிற ஆச்சி, முன்பின் தெரியாத என்னைக் குடிவந்த அன்றே "ஏட்டி, தண்ணி புடிச்சிட்டியா?" என்று கேட்டார்கள். சுருக்கென்றது. அதற்கப்புறம் ஒரு வருஷமாக அவர்களைப் பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

வெள்ளம் வந்த அன்று இரவு எங்கள் சிந்துபூந்துறையில் கரண்ட் போய், வாசலில் கணுக்கால் தண்ணீர் நின்றபோது, கேஸ் சிலிண்டரை எங்கே தூக்கி வைப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டு நிற்கிறோம். மேலே இருந்து ஒரு டார்ச் வெளிச்சம். "முருகனே மேல ஏறிப் போயிட்டாரு, நீ என்னட்டி கீழ நிக்க? பிள்ளையத் தூக்கிட்டு வா." ஆறு பெருகினால் குறுக்குத்துறை முருகன் கோயிலில் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், அதைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. 1992 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு எது எப்போது மேலே போக வேண்டும் என்று தெரியும்போல.

ஓடு போட்ட ஒற்றை அறை. நாலைந்து இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பாத்திரம். ஒழுகாத இடம் என்று பார்த்தால் சுவரோரமாக இருந்த கட்டில் மட்டும்தான், அதன் மேல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு மூட்டை இருந்தது. ஆச்சி அதைச் சட்டென்று இறக்கித் தரையில் வைத்துவிட்டு, தன் சேலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டு, "பிள்ளைய அங்க கெடத்து" என்றார்கள். ஏழு மாதப் பிள்ளை விடிய விடிய அங்கே தூங்கினாள். கீழே ஊர் முழுக்க இரைச்சல். நானும் அவரும் ஆச்சியும் பேரனும் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுத் தென்னையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பேரன் அடிக்கடி டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த மூட்டை என்னவென்று நான் கேட்கவே இல்லை. வெயில் வந்த அன்று மாடிப்படியில் ஆச்சி பழைய வேட்டி ஒன்றை விரித்து எதையோ காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பீடித் தூள். களிமண் மாதிரிக் கட்டிகட்டியாக இருந்தது. இலை நனைந்தால் பரவாயில்லை, எப்படியும் நனைத்துத்தான் வெட்டுவார்கள், தூள் நனைந்தால் போச்சு என்று பேரன் சொன்னான். சனிக்கிழமைதான் வாங்கி வந்திருக்கிறார்கள், ஒரு வாரத்துக்கான தூள். பீடிக்கடையில் எடைபோட்டுக் கொடுப்பது அது, கணக்குக்குப் பீடி வராவிட்டால் கூலியில் பிடிப்பார்கள். அது தெரிந்தேதான் அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்காமல் இறக்கி வைத்திருக்கிறார்கள். நானாக இருந்திருந்தால் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், பொய் சொல்வானேன்.

காசு கொண்டுபோய்க் கொடுத்தேன். "போட்டி" என்றார்கள், இந்த ஊர்ப் பேச்சில் ‘போடி’. அதட்டலா, செல்லமா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

இன்னும் எத்தனையோ பேர். இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டிப் பால் பாக்கெட் கொண்டுவந்த தெருப் பையன்கள், மேலப்பாளையத்திலிருந்து இரண்டு நாள் சோறு அனுப்பியவர்கள், கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள், கம்பத்தில் ஏறி நின்ற மின்வாரியத்துக்காரர்கள், வெளியூர்களிலிருந்து வந்து நாங்கள் தெருவில் போட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டிருக்கிற தூய்மைப் பணியாளர்கள். பேர்கூடத் தெரியாமல் எல்லாருக்கும் ஒரே கும்பிடாகப் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனபோது, தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்க, ரயிலில் இருந்தவர்களுக்குப் பொங்கிப் போட்ட புதுக்குடிக்காரர்களுக்கும்தான்.

பெரியம்மா நேற்றுக்கூடப் போனில், "போதும் கண்ணு, மாறுதல் கேட்டு வந்துருங்க, அந்த ஊரு வேண்டாம்" என்றார். உண்மையில் நவம்பரிலேயே என் வீட்டுக்காரர் மாறுதல் மனு எழுதிப் பையில் வைத்திருந்தார். அதுவும் ஊறிப்போயிற்று. மறுபடி எழுதவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆச்சி, இதைப் பேரன் படித்துக் காட்டுவான். காசுதான் வாங்கமாட்டீர்கள். மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற சொளகும் (முறம்) வெள்ளத்தோடு போய்விட்டது என்று அவன் சொன்னான். டவுனில் புதுசாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சாயங்காலம் கொண்டுவருகிறேன். ‘போட்டி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.