கணினிச் சேவைகள் முடங்கும் நாளுக்கான முன்னேற்பாடு கோரி நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்:
வங்கி, கூட்டுறவு, பொது விநியோகப் பணிகளில் இருந்து ஓய்வு பெற்றோர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: கணினிச் சேவை முடங்கினால் ரேஷன், வங்கிப் பணிகளைக் கையால் எழுதும் பதிவேட்டில் நடத்த முன்கூட்டியே எழுத்துப்பூர்வ ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதே மாதம் 31-ஆம் தேதி, ஒரு சேவை நிறுவனத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் கூட்டுறவு, கிராம வங்கிகள் உட்படச் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்ற இணைப்பு துண்டிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடு முழுவதும் தடுமாறியது. இவை தனித்தனியாக வந்ததால் சமாளித்தோம். 2018 நவம்பர் 16 கஜா புயலைப் போன்ற ஒன்றோடு சேர்ந்து வந்தால் இந்த மாவட்டத்தில் எது ஓடும், எது நிற்கும் என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். ‘2000-ஆம் ஆண்டு பிறந்தபோதும் கணினிகள் ஆண்டைத் தவறாகக் கணக்கிட்டு நின்றுவிடும் என்று இப்படித்தான் பயமுறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். ஆகாமல் போனதற்கு அதற்கு முந்தைய சில ஆண்டுகள் உட்கார்ந்து நிரல்களைத் திருத்தியது பெரிய காரணம்.

முதலில் ரேஷன் கடை. பில் போடும் பி.ஓ.எஸ். மிஷினுக்கு உணவுத் துறை சர்வரும் வேண்டும். கைரேகை சரிபார்க்க ஆதார் சர்வரும் வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் பில் போடுவது தடைபடலாம். அரிசி மூட்டை கடைக்குள்ளேயே இருக்கும். ஆனால் விற்பனையாளர் தொடமாட்டார். பில் இல்லாமல் வழங்கினால் இருப்புக் குறைவு என்று தணிக்கையில் அவர் தலையில்தான் விழும். அவர் பயம் நியாயமானது. எனவே நாங்கள் கேட்பது மிஷின் அல்ல, ஒரு சுற்றறிக்கை: மிஷின் தொடர்ந்து 2 மணி நேரம் இயங்காவிட்டால், மேலிடத்து அழைப்புக்குக் காத்திராமல் பதிவேட்டில் எழுதி வழங்கலாம், கையெழுத்துள்ள பில்லுக்கு உரிய சரக்குக்காக ஊழியரிடம் பிடித்தம் இல்லை.

அதற்கு வேண்டியவை குறைவு. 800 கார்டுள்ள கடைக்கு 50 எண்ணிடப்பட்ட பில் கொண்ட கார்பன் பில் புத்தகம் 16. மாதம் பிறக்குமுன் கார்டு எண், உறுப்பினர் எண்ணிக்கை, உரிய அளவு அச்சிட்டு, வட்ட வழங்கல் அலுவலர் கையொப்பமிட்ட பட்டியல் ஒன்று, உறையில் முத்திரையிட்டு. இன்னொரு சிக்கல், ஒரே கார்டுக்கு இரண்டு முறை வாங்குவது. பழைய ரேஷன் புத்தகத்தில் அந்தந்த மாதத்துக்கு எழுத இடம் இருந்தது. 2017-இல் வந்த ஸ்மார்ட் கார்டில் எழுத ஒன்றுமில்லை. குடும்பத்தின் கையில் பெரும்பாலும் இருக்கும் சாட்சி செல்போன் குறுஞ்செய்திதான். 12 கட்டம் போட்ட ஒரு தடித்த அட்டை ஆண்டுக்கு ஒன்று கொடுத்து, வாங்கும்போது முத்திரை குத்தினால் போதும். இதில் அரசாணை தேவைப்படும் பகுதிக்கு உணவுப் பொருள் வழங்கல் ஆணையருக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

அடுத்தது ரொக்கம். யுபிஐ மட்டும் நின்றால் ஏடிஎம் காப்பாற்றும். வங்கியின் மைய சர்வரே நின்றால் ஏடிஎம்மும் சேர்ந்து நிற்கும். பெரும்பாலும் கவனிக்கப்படாதது சில்லறை. 80 ரூபாய்ச் சாமானுக்குப் பத்துப் பேர் 500 ரூபாய் நோட்டு நீட்டினால் கடைக்காரருக்கு 4,200 ரூபாய் மீதி வேண்டும். பதினோராவது ஆள் கடனுக்குத்தான் வாங்க முடியும். முடிந்த குடும்பம் 3,000 ரூபாயை இப்படி வைத்திருக்கலாம்: 500 இரண்டு, 100 பன்னிரண்டு, 50 எட்டு, 20 பன்னிரண்டு, 10 பதினாறு. ஒரே வாரத்தில் எல்லோரும் எடுத்தால் அதுவே நெருக்கடியாகிவிடும். ஆகவே மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக ஆறு மாதத்தில், மாதம் 500 ரூபாயாகச் சேர்க்கச் சொல்வது நல்லது. மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு செலவு பதியச் செய்ய வேண்டும்; சர்வர் திரும்பும்வரை வாடிக்கையாளர் கையில் இருக்கும் கணக்கு அது ஒன்றே.

தங்கள் தலைமையில் கூடும் மாவட்ட அளவிலான வங்கியாளர் ஆலோசனைக் குழுவில் இரண்டு தீர்மானங்கள் வேண்டும்: கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கியின் நோட்டு இருப்பை வைக்கும் பெட்டகம்) உள்ள கிளைகள் புயல் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை 100 ரூபாய்க்கும் அதற்குக் கீழும் உள்ள நோட்டுகளைக் கூடுதலாக இருப்பில் வைப்பது, மைய சர்வர் நின்றால் முந்தைய நாள் இருப்புப் பட்டியலைப் பார்த்து, பாஸ்புக்கோடு வருபவருக்கு 2,000 ரூபாய் வரை கொடுப்பது. இரண்டாவதற்கு வங்கித் தலைமையகங்களின் ஒப்புதல் வேண்டும் என்பதால்தான் இப்போதே கேட்கிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் மருந்தும் அளவும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி இருக்கட்டும். ஆம்புலன்ஸுக்கு டீசல் கடனாகப் போட வட்டத்துக்கு ஒரு பங்க்கிடம் எழுதி வாங்கி வைக்கலாம். குடிநீர்த் தொட்டி மோட்டாருக்குக் கணினி தேவையில்லை, அதை விட்டுவிட்டோம்.

செல்போன் கோபுரமும் ஓய்ந்தால் ‘வங்கி மூடிவிட்டது’ என்ற வதந்திதான் முதலில் ஊர் சேரும். காலை 8, மாலை 5 என்று நேரம் குறித்து, கோயில், தர்கா, தேவாலய ஒலிபெருக்கிகளில் எது நின்றது, எது ஓடுகிறது, அடுத்த அறிவிப்பு எப்போது என்ற மூன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

ஒத்திகைக்கு வேதாரண்யம் வட்டத்தில் ஒரு ரேஷன் கடை போதும். செப்டம்பரில் ஒரு நாள் காலை 10 முதல் 1 மணி வரை மிஷினை அணைத்துவிட்டு வழங்கிப் பார்க்கலாம். மறுநாள் கணினியில் ஏற்றும்போது எத்தனை பில் கணக்கோடு பொருந்தவில்லை என்று எண்ணினால் படிவத்தின் குறை தெரிந்துவிடும். பில், அட்டை மாதிரிகளை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்