மல்லிச் சரத்துக்குக் கண் விழித்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

24 மணி நேரம் ஒரே ஆளாக உட்கார்ந்து மதுரை மல்லியைச் சரமாகக் கட்டி முடித்தாயிற்று. ஆவணமெல்லாம் கின்னஸுக்குப் போய்விட்டது. பதில் வர 12 வாரம்கூட ஆகலாமாம். அதுவரை நீளம் எவ்வளவு என்று யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன். நன்றியை மட்டும் எதற்குத் தள்ளிப்போட வேண்டும்?

முதல் கும்பிடு, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கம் தோட்டங்களில் பூப் பறித்த அக்காமாருக்கு. மல்லியை விடியுமுன்னே மொட்டாகப் பறிக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் அது தானாக விரிந்துவிடும். விரிந்த பூ கட்டுக்கு அடங்காது, இதழ் கையோடு வந்துவிடும். அப்படியானால் நடுராத்திரியில் கட்ட மொட்டுக்கு எங்கே போவது? மாட்டுத்தாவணி கமிஷன் கடை அண்ணன்தான் வழி பண்ணினார். தெர்மாகோல் பெட்டியில் ஐஸைப் போட்டு, ஈரம் மொட்டில் படாதபடி மேலே வாழையிலை பரப்பி, ஒவ்வொரு பெட்டியாக எனக்குத் திறந்து கொடுத்தார். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் அது. அன்றைக்குப் பூ என்ன விலை விற்றது என்று மார்க்கெட்டுக்கே தெரியும். ஆனாலும் எனக்கென்று எடுத்து வைத்ததில் ஒரு கிலோகூட அவர் வெளியே விடவில்லை.

கட்டுவது எனக்குப் பழக்கம்தான். இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு, நடுவில் காம்பும் காம்பும் சேர, வாழைநாரை விரலில் ஒரு சுழி சுழித்து இழுத்தால் முடிச்சு. நார் காய்ந்தால் அறுந்துபோகும். ராத்திரி முழுக்க நார் கிழித்து நனைத்துக் கொடுத்தது என் அத்தை. அவர் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை. சொந்தக்காரர் சாட்சி சொல்லக் கூடாது என்பது விதி.

அதனால் சாட்சிக்கு வந்ததெல்லாம் வெளி ஆட்கள். ஒருவர் நாலு மணி நேரத்துக்கு மேல் சாட்சியாக உட்காரக் கூடாது என்பதால் முறை வைத்து வந்தீர்கள். மணிக்கு 5 நிமிஷம் ஓய்வு. அதை நான் சேர்த்து வைத்து எடுத்தபோதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த கல்லூரித் தங்கைக்குத் தனி நன்றி. ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்கவில்லை, பாவி!

ரெண்டு மணிக்கு மேல் கண் சொருகியபோது ஓய்வு பெற்ற வாத்தியார் ஐயா கதை சொன்னார். வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன், வக்கீல், 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்து திரும்பியும் நீந்திப் போனார், 51 மணி நேரத்தில். இந்த கின்னஸ் புத்தகமே 1951இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன இடத்தில், எந்தப் பறவை வேகமாகப் பறக்கும் என்று வந்த வாக்குவாதத்தில் முளைத்து 1955இல் வெளிவந்ததாம். வேலையற்ற சண்டையிலும் நல்லது விளைகிறது! சிரித்த சிரிப்பில் தூக்கம் போயே போய்விட்டது.

அளந்து கொடுத்த சர்வேயர் சாருக்கும் நன்றி. என் முழம் சின்னது என்று கடையில் தினம் சண்டை போடுகிற அக்காமார் எல்லாம் அன்றைக்கு வரிசையில் நின்று அவர் டேப்பை எட்டி எட்டிப் பார்த்தீர்கள். இனிமேலும் என் முழம் அதே முழம்தான், சொல்லிவிட்டேன்.

சரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அன்றைக்கே தெருப் பிள்ளைகளுக்கும் கோயிலுக்கும் கொடுத்துவிட்டோம். சாட்சித் தாளின் நகல் வாங்காதவர்கள் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வாருங்கள். மல்லி எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன். கனகாம்பரம் மட்டும் கேட்காதீர்கள், அது விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது.

இப்படிக்கு,
உங்கள் பூக்காரி