ஊசி போடும் முன் காளையின் ஃபேட்டையும் சொல்லுங்கள்

கால்நடை பராமரிப்புத் துறையில் காளைகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகளுக்கும், உறைவிந்துக் குச்சிகளை மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவோருக்கும்,

வணக்கம்.

திருப்பாலைக்குடிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு கடலோர ஊரில் மாடு வைத்திருக்கிறேன். முன்பு பால் கொள்முதல் நிலையம் ஒன்றில் ஃபேட், அதாவது பாலின் கொழுப்புச் சதவீதம், பார்க்கும் வேலையும் செய்திருக்கிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். எங்கள் மாட்டுக்குச் சினை ஊசி போட வரும்போது, அந்தக் காளையின் மகள்கள் எத்தனை லிட்டர் கறக்கும் என்பதோடு எவ்வளவு ஃபேட்டில் கறக்கும் என்பதையும் சொல்லுங்கள். கடலோர ஒன்றியங்களுக்குக் குச்சி ஒதுக்கும்போது அதையும் பார்த்து ஒதுக்குங்கள்.

குச்சியின் மேல் காளையின் எண், இனம், தேதி எல்லாம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஊசி போட வருபவரிடம் என்ன காளை என்று கேட்டால் "ஜெர்சி" என்பார், இல்லையென்றால் "எச்.எஃப்." (ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன்) என்பார். அதற்கு மேல் கேட்டால் "நல்லா பால் வரும்ண்ணே" என்று முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கைக்கு வந்து சேர்ந்த தகவல் அவ்வளவுதான்.

பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும் 8.3 சதவீதம் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இருக்க வேண்டும் என்பது விதி. விலையும் இந்த இரண்டையும் வைத்துத்தான். நான் வேலை பார்த்த காலத்தில் கெர்பர் முறையில்தான் ஃபேட் பார்ப்போம். கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். அடைப்பானை இறுக்கிக் குலுக்கினால் பால் திரிந்து, பழுப்பேறி, கறுத்துவிடும். துணி சுற்றாமல் குழாயைப் பிடிக்க முடியாது, அவ்வளவு சூடு. இயந்திரத்தில் வைத்துச் சுற்றி எடுத்தால் குழாயின் கழுத்தில் கொழுப்பு மட்டும் தெளிந்த மஞ்சளாக ஏறி நிற்கும். அந்த மஞ்சள் 3.1-இல் நின்றாலும் 3.3-இல் நின்றாலும் பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் 3.1 என்றால் அந்த வீட்டுப் பால் திரும்பிப் போகும். சித்திரை, வைகாசியில் அப்படித் திரும்பியவற்றில் பெரும்பாலும் சந்தையில் வாங்கி வந்த எச்.எஃப். கலப்பு மாடுகளின் பால்தான். தண்ணீர் கலந்தார்கள் என்று பேர் வந்ததெல்லாம் அந்தக் குடும்பங்களுக்குத்தான். கலக்காத பாலும் அதில் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

இதற்கான காரணத்தில் பாதி மாட்டின் உடம்பிலேயே இருக்கிறது. மாட்டின் 14-ஆம் குரோமோசோமில் டிஜிஏடி1 என்ற மரபணு உண்டு. மடியில் கொழுப்பைக் கட்டி முடிக்கும் கடைசி வேலையைச் செய்யும் நொதி அதிலிருந்துதான் உருவாகிறது. அந்த நொதியின் 232-ஆவது இடத்தில் சில மாடுகளுக்கு லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சில மாடுகளுக்கு அலனின். முன்னதை 'கே' என்றும் பின்னதை 'ஏ' என்றும் குறிக்கிறார்கள். தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு வரும். 2002-இல் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். கே வாங்கிய மாட்டுக்குப் பால் சற்றுக் குறையும், ஃபேட் ஏறும். ஏ வாங்கியதற்கு நேர்மாறு. ஹோல்ஸ்டைன் மந்தைகளில் ஒரு கே கூடினால் ஃபேட் ஏறத்தாழ 0.3 ஏறுகிறது. டச்சு மாடுகளில் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புச் சதவீதத்தில் மரபுவழியாக வரும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி இந்த ஒற்றை மரபணுவால் என்று வந்தது. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இழுக்கும் இந்தக் குணத்தில் ஒன்றுக்கே இவ்வளவு பங்கு இருப்பது அபூர்வம்.

எவ்வளவு கொழுப்பு என்பதோடு நிற்காமல், எந்தக் கொழுப்பு என்பதையும் இது மாற்றுகிறது. கே மாட்டின் பாலில் பால்மிடிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பமிலம் கூடும், 18 கார்பன் உள்ள நிறைவுறாத கொழுப்பமிலங்கள் குறையும். வெண்ணெய் கெட்டியாக நிற்கும். 26-ஆம் குரோமோசோமில் எஸ்சிடி1 என்று இன்னொரு மரபணு இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பமிலத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பைப் போட்டு அதை இளக்குவது அதன் வேலை. பால்மிடிக் கூடினால் இதயத்துக்கு நல்லதில்லை என்று மருத்துவர்கள் சொல்வது தெரியும். நாள்தோறும் பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாகச் சாப்பிடும் நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துக் காளை தேர்ந்தெடுக்கட்டும், நியாயம்தான். காலையில் ஒரு டீயும் விருந்து நாளில் ஒரு கரண்டி நெய்யுமாக இருக்கும் எங்கள் பக்கத்துக்கு அது முதல் கவலை இல்லை என்பது என் எண்ணம்.

எங்கள் முதல் கவலை தண்ணீர். ஒரு லிட்டர் பாலுக்கு மாடு நாலைந்து லிட்டர் தண்ணீர் குடிக்கும். கிணறு உப்பு, ஆழ்துளை போட்டாலும் பெரும்பாலும் உவர்ப்பு. கோடையில் மனிதருக்கே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். இப்போது கணக்குப் போடுங்கள். 3.5 ஃபேட்டில் பத்து லிட்டர் கறக்கும் மாடு ஏறத்தாழ 350 கிராம் கொழுப்பு தருகிறது. 4.5-இல் எட்டு லிட்டர் கறப்பது 360 கிராம் தருகிறது. எஸ்.என்.எஃப்.புக்கும் காசு உண்டு என்பதால் பத்து லிட்டர் மாட்டுக்குக் கையில் வரும் தொகை கூடுதலாகவே இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு லிட்டருக்காக நாள்தோறும் இன்னும் எட்டு, பத்து லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும், தீவனமும் வேண்டும், வெயில் தாங்கும் உடம்பும் வேண்டும். காவிரிப் பாசனத்துக்குச் சரியாக வரும் காளை உச்சிப்புளிக்கும் சாயல்குடிக்கும் அப்படியே சரியாக வராது.

எல்லாவற்றையும் மரபணு தலையில் கட்டவும் நான் வரவில்லை. பால் கொழுப்பில் பாதி மடியிலேயே உருவாகிறது, மீதி இரத்தத்திலிருந்து வருகிறது. மடியில் உருவாகும் குறுகிய, நடுத்தரக் கொழுப்பமிலங்களில் பரம்பரையின் கை ஓங்கியிருக்கும். 18 கார்பன் உள்ளவற்றில் தீவனத்தின் கை ஓங்கும். அந்த மடிக் கொழுப்புக்கும் மூலப்பொருள் வைக்கோலும் புல்லும் வயிற்றில் புளித்து வரும் அசிட்டிக் அமிலம்தான். நார் இல்லாவிட்டால் எந்தக் கே வந்தும் பயனில்லை. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து மாட்டுக்குக் கொட்டும் பழக்கம் எங்கள் ஊரில் நிறைய. மறுநாள் ஃபேட் பார்த்தால் தெரியும் சேதி. இதையெல்லாம் எங்கள் கால்நடை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்காதது எங்கள் தப்பு. தீவனத்தை நாங்கள் மாற்றிக்கொள்ளலாம், பிறந்த கன்றின் மரபணுவை யார் மாற்றுவது? அதனால்தான் காளையைப் பற்றி உங்களிடம் கேட்கிறேன்.

இன்னொரு சங்கதி. ஹரியானாவின் கர்னாலில் இருந்து 2006-இல் வந்த ஆய்வு, சோதித்த இந்திய மாட்டினங்களிலும் எருமைகளிலும் கே மட்டுமே இருந்ததாகச் சொல்கிறது. அப்படியானால் அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் நாட்டு மாடுகளிடம் இந்தச் சொத்து ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெர்சிக் காளைகளிலும் கே அதிகம். நாட்டுப் பசுவுக்கு எச்.எஃப். ஊசி போடும்போதுதான், ஏ உள்ள காளையாக அமைந்துவிட்டால், ஒரு தலைமுறையிலேயே பாதியை இழக்கிறோம். ஆகவே நாட்டுக் காளைகளுக்கெல்லாம் டிஜிஏடி1 சோதனை செய்து பணத்தை வீணாக்க வேண்டாம். எச்.எஃப். காளைகளுக்கும் கலப்பினக் காளைகளுக்கும் செய்தால் போதும். நடுவில் இந்த ஏ2 பால் கூப்பாடு வேறு. அது கேசின் என்ற புரதத்தின் கதை, கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, நாட்டு மாட்டு நெய்க்கு ஏ2 என்று சீட்டு ஒட்டி விற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செலவு அதிகம் என்று சொல்லிவிடாதீர்கள். கௌசிப் என்ற மரபணுச் சில்லை 2024 அக்டோபரில் மகாராஷ்டிராவின் வாசிமில் பிரதமரே வெளியிட்டார். காளைகளின் மரபை அதில் படிக்கலாம். எங்கள் மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் காதுவில்லை தொங்குகிறது, ஊசி போட்ட விவரமும் அந்த எண்ணில்தான் பதிவாகிறது. அதே எண்ணில் மாதம் ஒரு நாள் காலைப் பாலும் மாலைப் பாலும் ஃபேட் பார்த்து ஏற்றினால், இரண்டு ஈத்துக்குள் எந்தக் காளையின் மகள்கள் இந்த வெயிலில் எப்படிக் கறக்கின்றன என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வெளியூர்ப் பண்ணைக் கணக்கைவிட அது எங்களுக்குப் பொருந்தும். ஒரு வேண்டுகோள்: மாதிரி எடுப்பவர்களிடம் முழுக்கக் கறந்து கலக்கிய பாலில் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் வரும் பாலில் கொழுப்பு சொற்பம், கடைசிப் பாலில்தான் செழிப்பு. எங்கள் பக்கம் அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடுவது வழக்கம். மாதிரி எடுக்கும் அன்று மட்டும் கன்றைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறோம்.

அடுத்த ஒதுக்கீட்டிலேயே மண்டபம், திருப்புல்லாணி, ராஜசிங்கமங்கலம், கடலாடி ஒன்றியங்களுக்கு இதைத் தொடங்கிப் பாருங்கள். காளை எண்ணுக்கு நேரே மகள்களின் சராசரி ஃபேட்டைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு மருந்தகச் சுவரில் ஒட்டினால் போதும். எந்த ஊசி வேண்டும் என்று நாங்களே கேட்டு வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
கடலோரத்துப் பால் உற்பத்தியாளர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்