டிரைவ் உள்ள ஒரு மாடலையாவது விட்டுவையுங்கள்: கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கம்ப்யூட்டர், லேப்டாப் தயாரிப்பு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சிடி, டிவிடி டிரைவை ஏன் எடுத்தீர்கள் என்று நீங்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை. மெலிதாக இருக்க வேண்டும், எடை குறைய வேண்டும், பேட்டரிக்கு இடம் வேண்டும், எல்லாம்தான் நெட்டில் வந்துவிட்டதே. இதையெல்லாம் பல வருடமாகக் கேட்டாயிற்று. 2008-ல் ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப் டிரைவ் இல்லாமல் வந்தபோது, சரி, அது தனி ரகம், வேண்டியவர்கள் வாங்கட்டும் என்று இருந்தோம். 2012 கடைசியில் அவர்களே ஐமேக் டெஸ்க்டாப்பிலும் எடுத்தார்கள். மேசையை விட்டு நகராத ஒரு கம்ப்யூட்டரின் ஓரம் 5 மில்லிமீட்டருக்கு மெலிந்ததால் யாருக்கு என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் அதே வழியில் போய்விட்டீர்கள். இன்று கடைக்குப் போய் டிரைவ் உள்ள லேப்டாப் கேட்டால், "அதெல்லாம் இப்ப வர்றதில்லண்ணே, வெளியில மாட்டுறது தனியா வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கடைப் பையன் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறான்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு விலை வரிசையிலும் டிரைவ் உள்ள மாடல் ஒன்றையாவது விட்டுவையுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் என் அம்மா. முதுகுத் தண்டில் பிரச்சினை, காலில் மரத்துப்போகிறது. திருநெல்வேலியில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஸ்கேன் சென்டரில் எல்லோருக்கும் கொடுப்பதுபோல ஒரு பெரிய கவர், அதில் ஃபிலிம், ரிப்போர்ட், ஒரு சிடி. அதை எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த இடம் இதுல சரியாத் தெரியலைம்மா, சிடியைப் போட்டுப் பார்த்துடலாம்" என்றார். நியாயமான பேச்சு. ஃபிலிமில் அச்சடித்துத் தருவது சில படங்கள்தான், அதுவும் தபால்தலை அளவில். சிடியில்தான் நூற்றுக்கணக்கான படங்கள் முழுசாக இருக்கும், ஒவ்வொரு அடுக்காக நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம், பெரிதாக்கலாம். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதே அந்த ஒரு அடுக்கைப் பார்த்துச் சொல்வதாக இருக்கலாம்.

நர்ஸ் சிடியை வாங்கிக்கொண்டு போனார், உடனே திரும்பி வந்தார். டாக்டர் அறையில் இருந்த பழைய சிஸ்டத்தை மாற்றிவிட்டார்களாம். இப்போது இருப்பது மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டி, அதில் டிரைவ் இல்லை. பில்லிங்கிலும் அதேதான். ரிசப்ஷனில் இருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னார்: "சார், வெளியில போய் பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டு வந்தாலும் எங்க சிஸ்டத்துல போடக்கூடாது சார், வைரஸ் வருதுன்னு எல்லாத்தையும் லாக் பண்ணிட்டாங்க." என் லேப்டாப் பையில்தான் இருந்தது, அதிலும் டிரைவ் கிடையாது. அம்மாவை வராந்தாவில் ஒரு ஸ்டீல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஜெராக்ஸ் கடை தேடிப் போனேன். அம்மாவால் தொடர்ந்து கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாது, அதற்காகத்தான் டாக்டரிடமே வந்திருக்கிறோம்.

ஒரு கடையில் மஞ்சளேறிய பழைய டெஸ்க்டாப் இருந்தது. தட்டு வெளியே வர மறுத்தது, கடைக்காரர் ஒரு ஊசியை அந்தச் சின்ன ஓட்டையில் விட்டுக் குத்தித் திறந்தார். சிடி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. உள்ளே டைகாம்டிர் என்று ஸ்கேன் படங்களின் பட்டியல் கோப்பு ஒன்று, பக்கத்தில் எக்ஸ்டென்ஷனே இல்லாத கோப்புகள் வரிசை வரிசையாக. அம்மாவின் பெயர், வயது, முதுகெலும்பு எல்லாம் யார் யாரோ வந்து போகும் ஒரு கடையின் கம்ப்யூட்டரில் விரிந்து கிடந்தது. அதே கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகினால் வைரஸ் ஏறி ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடும் என்பது இந்த ஊரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். வேறு வழி இல்லை, செருகினேன். கடைசியில் டாக்டர் சாப்பிடப் போகும் வழியில் நின்று, என் லேப்டாப்பில் அந்தப் படங்களைப் பார்த்தார். நல்ல மனிதர், அவர் நின்றதால் ஆயிற்று. இல்லாவிட்டால் இன்னொரு ஸ்கேன் எடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அதற்கு மறுபடி ஆயிரக்கணக்கில் பணம், மறுபடி அந்தக் குழாய்க்குள் அம்மா அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியைக் கேள், ஸ்கேன் சென்டரைக் கேள், லிங்க் அனுப்பச் சொல் என்று நீங்கள் சொல்லலாம். சில இடங்களில் அனுப்புகிறார்கள், நல்லது. ஆனால் அந்த லிங்க் சில வாரங்களில் செத்துப்போனால்? போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் எடுத்த ஸ்கேனெல்லாம் பீரோவில் சிடியாகத்தானே இருக்கிறது? கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று பார்க்க டாக்டர் கேட்பது பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான். நீங்கள் டிரைவை எடுத்த அன்று அந்த சிடிகள் தானாக வேறொன்றாக மாறிவிடவில்லை.

இன்னொன்றும் உங்களுக்கே தெரியும். ஒருமுறை மட்டுமே எழுதும் சிடி-ஆர் வகை சிடியை எழுதி மூடிவிட்டால் அதில் வேறு எதையும் எழுத முடியாது, ஜெராக்ஸ் கடை வைரஸ் அதில் ஏறாது. நோயாளி கையில் கொடுத்து அனுப்ப அது தோதான பொருள், அதனால்தான் இத்தனை வருடம் நிலைத்தது. கோர்ட்டில் சாட்சியமாக வக்கீல்கள் சிடியில் போட்டுக் கொடுத்ததும் உண்டு.

வெளியில் மாட்டும் டிரைவ் வாங்கிக்கொள் என்பது உங்கள் வழக்கமான பதில். வாங்கினேன். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது அது பல நேரம் போதாது, அதனால் சில டிரைவ்களுக்கு இரண்டு தலை வைத்த கேபிள் தருகிறார்கள். இரண்டையும் செருக, சில புது லேப்டாப்களில் அந்த வகைப் போர்ட்டே கிடையாது, டைப்-சி மட்டும்தான், அதற்கு ஒரு அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். முன்பு லேப்டாப் விலையிலேயே அடங்கியிருந்ததை இப்போது பாகம் பாகமாகக் காசு கொடுத்து வாங்கிச் சுமக்கச் சொல்கிறீர்கள். அதோடு முடிந்ததா? வெளியாள் கொண்டுவரும் டிரைவை ஆஸ்பத்திரி சிஸ்டத்தில் மாட்ட விடுவார்களா?

மெலிதான லேப்டாப்புக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒல்லியான டிரைவே பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் உயரம். ஆனால் விளையாட்டுக்கென்று விற்கும் தடிமனான லேப்டாப்பில் ஏன் இல்லை? ஆளுயரத்துக்குக் கண்ணாடி வைத்து, விளக்குப் போட்டு விற்கும் டெஸ்க்டாப் கேபினட்டில் டிரைவுக்கென்று ஒரு 5.25 அங்குல இடத்தை விட்டுவைக்க என்ன தடை? இடம் இல்லாததால் எடுக்கவில்லை, மற்றவர் எடுத்ததால் எடுத்தீர்கள். இதே கதைதான் நெட் கேபிள் மாட்டும் லேன் போர்ட்டுக்கும் நடந்தது, கழற்றும் பேட்டரிக்கும் நடந்தது, இப்போது ரேமையும் போர்டிலேயே பற்றவைத்துவிட்டு பின்னால் கூட்ட முடியாது என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் எங்களைக் கேட்காமல் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஸ்கேன் மட்டும் என்றால் எப்போதாவது வரும் தொல்லை என்று விட்டுவிடலாம். எத்தனை வீட்டில் கல்யாண வீடியோ டிவிடியில் இருக்கிறது, இப்போது இல்லாத தாத்தா பாட்டி அதில் நடந்து போகிறார்கள், பேசுகிறார்கள். பின்னட்டை உறையில் சிடி ஒட்டிய புத்தகங்கள் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. எழுதக்கூடிய சிடியில் தகவல் நிற்பது ஒரு சாயப் பூச்சில், வெயிலும் ஈரமும் பட்டால் வருடம் போகப் போக அது கெடும். நல்லபடியாக இருக்கும்போதே காப்பி எடுத்துவிடலாம் என்று ஜனங்கள் நினைக்கிற நேரத்தில் எடுப்பதற்கான கருவியைக் கடையிலிருந்து எடுத்துவிட்டீர்கள். ஜப்பான்காரர்களான சோனியே எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் செய்வதை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் இது பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா மாடலிலும் வையுங்கள் என்று கேட்கவில்லை. மெலிது வேண்டுவோருக்கு மெலிது கொடுங்கள். 15.6 அங்குலத்தில் ஒரு லேப்டாப், அலுவலகத்துக்கு விற்கும் டெஸ்க்டாப்பில் ஒன்று, டிரைவோடு விடுங்கள், கூடுதல் விலை வைத்தாலும் தருகிறோம். ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக விற்கும்போது டிரைவ் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவும் முடியாது என்றால், ஒற்றைக் கேபிளில் ஓடுகிற, உங்கள் போர்ட்டுக்கே பொருந்துகிற டிரைவ் ஒன்றை நீங்களே வாரண்டியோடு இந்தியாவில் விற்க ஏற்பாடு செய்யுங்கள்.

அம்மாவுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, பழைய சிடியோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் உங்களில் யாராவது ஒருவர் பதில் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்