மேடைத் தடுப்புக் கம்பியோரம் முதல் வரிசை யாருக்கு?

பெரிய ராக் குழுக்களை இந்தியாவுக்குக் கூட்டிவரும் நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். மேடைக்கு நேர் முன்னிடத்தைப் பணக்கார டிக்கெட்டுக்கு அடைத்து வைப்பதற்காகத் திட்டுவதற்கு முன் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவின் கச்சேரி. கோயம்பேட்டில் பஸ் ஏறி நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றதும் அதே இரவுதான். திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி தாண்டி, பின்னிரவில், கண்டக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பஸ்ஸே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் நால்வருக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. காதில் அப்போதும் ‘ங்ஙொய்’ என்று ஓடிக்கொண்டிருந்தது.

1975-இல் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு அது. இங்கே வந்து சேர 32 வருடம் ஆயிற்று. அதுவரை தேய்ந்த கேசட்டிலும் நகலெடுத்த சிடியிலும் கேட்டதுதான். அன்று எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஷில்லாங்கிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக வந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், சிரித்தார். அவ்வளவுதான் பேசினோம். மற்ற நேரமெல்லாம் இருவரும் கத்திக்கொண்டிருந்தோம்.

மேடைக்கு அருகில் நின்றால் என்ன தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஹாரிஸ் பேஸ் கிடாரை விரலாலேயே வாசிப்பவர், குதிரைப் பாய்ச்சல் மாதிரி. ஒரு காலை முன்னாலிருக்கும் மானிட்டர் பெட்டி (வாசிப்பவர் காதுக்காக வைக்கும் ஸ்பீக்கர்) மேல் வைத்து, கிடாரின் கழுத்தைத் துப்பாக்கி போலக் கூட்டத்தை நோக்கித் திருப்புவார். கூடவே, ஒலிவாங்கியே இல்லாத இடத்தில் நின்று, பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் வாயசைப்பார். யாரைப் பார்த்து? முதல் நான்கைந்து வரிசையைப் பார்த்து. அங்கே நிற்பவன் திருப்பிப் பாடினால் அவர் முகம் மாறுவது தெரியும். இன்னும் ஓங்கி அடிப்பார்.

மெய்டனின் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ பாட்டில் கிடார் மெட்டையே கூட்டம் பாடும், வெறும் ‘ஓ ஓ’ என்று. 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் பதிவாகி இசைத்தட்டாக வந்ததைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கூட்டத்தின் குரலை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி இருக்காது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அண்மையில் வேறொரு பழைய குழுவைப் பார்க்கப் போனேன். ஊரும் பெயரும் வேண்டாம். மேடைக்கு நேர் முன்னால் ஒரு பெரிய அடைப்பு. எங்கள் டிக்கெட்டைப் போல் ஐந்து மடங்கு விலை. உள்ளே உயரமான மேசைகள், கையில் கிளாஸ், பாதி இடம் காலி. நல்ல பாட்டு ஓடும்போது மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் பத்து அடி வெற்று நடைபாதை, இரும்புத் தடுப்பு, அதற்கும் பின்னால் நாங்கள். மேடைக்கும் எங்களுக்கும் எப்படியும் 60 மீட்டர் இருக்கும்.

பாடகர் பல்லவிக்கு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். முன்னால் சத்தமே இல்லை. பின்னாலிருந்து நாங்கள் தொண்டை கிழியப் பாடினோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து எங்களுக்கு வர 0.18 நொடி, எங்கள் குரல் மேடைக்குப் போக இன்னொரு 0.18. வேகமான பாட்டில் அது கிட்டத்தட்ட ஒரு தாளத் தட்டு. நாங்கள் எவ்வளவு சரியாகப் பாடினாலும் அவர் காதில் பிசகித்தான் விழும். இரண்டாவது முறை அவர் மைக்கை நீட்டவே இல்லை. அந்த மனிதருக்கு அறுபதுக்கு மேல் வயது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

(தண்ணீர் பாட்டிலுக்குக்கூட மணிக்கட்டுப் பட்டையில் பணம் ஏற்றச் சொன்னது, மிச்சப் பணம் திரும்பி வராதது, இதெல்லாம் தனிக் கடிதம்.)

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமலில்லை. குழுவின் சம்பளம், கண்டெய்னர் கண்டெய்னராக வரும் சாமான், வரி, போலீஸ் அனுமதி, பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி. பணக்கார டிக்கெட் இல்லாமல் கணக்கு நேராகாது. ஆனால் அந்தப் பணக்காரருக்கு வேண்டியது நாற்காலியும் நிழலும் வரிசை இல்லாத கழிப்பறையும்தான். அதைப் பக்கவாட்டில் ஓர் உயரமான மேடை போட்டுக் கொடுங்கள். அங்கிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகவே தெரியும். அதற்கு ஏழு மடங்குகூட வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

முன்வரிசையை எப்படிக் கொடுப்பது என்பதற்கு மெய்டன் குழுவே ஒரு வழி வைத்திருக்கிறது. அவர்களுடைய ரசிகர் மன்றத்தில் ‘ஃபர்ஸ்ட் டு தி பேரியர்’ என்று ஓர் ஏற்பாடு. டிக்கெட் வாங்கிய மன்ற உறுப்பினர்கள் பெயர் கொடுத்தால் சீட்டுக் குலுக்கிச் சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே உள்ளே விட்டுக் கம்பியோரம் நிற்க வைக்கிறார்கள். தர்மத்துக்குச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. எதிரே பாடத் தெரிந்தவன் நின்றால்தான் வாசிக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நம்மூருக்கு ரசிகர் மன்றம் என்ன புதிதா? நடுவில் சில நூறு இடத்தை ஒதுக்குங்கள். சாதாரண டிக்கெட் வாங்கியவர்களின் எண்களைப் போட்டுக் குலுக்குங்கள். டிக்கெட்டில் பேரைப் பதித்து, வாசலில் ஆதாரைப் பார்த்து உள்ளே விட்டால் கள்ளச் சந்தையும் நடக்காது. மீதி நிற்கும் இடத்துக்கு, காலையிலேயே வந்து வெயிலில் காய்ந்தவனுக்கு முதல் உரிமை.

இந்தக் குழுக்களுக்கு வயதாகிறது. 1982 முதல் மெய்டனில் டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன், பக்கவாதம் வந்த பிறகும் வாசித்துவிட்டு, 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோ நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணத்திலிருந்து ஒதுங்கிவிட்டார். எனக்கும் மூட்டுவலி வந்துவிட்டது. குலுக்கலில் என் எண் விழாவிட்டாலும் பரவாயில்லை, பின்னாலேயே நிற்கிறேன். முன்னால் நிற்கிற பையனுக்குப் பாட்டு தெரிந்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
2007 டிக்கெட்டின் கிழிந்த பாதியை இன்னும் பர்ஸில் வைத்திருக்கும்
ஒரு சென்னைக்காரன்