பெயர்ப் பட்டியலில் விடுபட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

என்னைக் கைதூக்கிவிட்ட பெரியவர்களுக்கும், உடன்பிறவா அண்ணன்களுக்கும், அக்காவுக்கும், நண்பர்களுக்கும் வணக்கம்.

என்னுடைய முதல் ராப் தொகுப்பின் உறையில் 11 பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. வரிகள் எழுதிய நான், பின்னணித் தாள இசையான பீட் அமைத்தவர்கள், ஒலிக்கலவை செய்தவர், பதிவை வெளியீட்டுக்கு இறுதிசெய்யும் மாஸ்டரிங் செய்தவர், அட்டைப்படம் வரைந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் உரிய இடம் அதில் தரப்பட்டுள்ளது. மற்றவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். பேசிய ஊதியமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பட்டியலை அச்சுக்கு அனுப்பிய இரவு, உறக்கம் வராமல் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் என்னைத் தவிர எவரையும் 20 வயதுக்கு முன்பு எனக்குத் தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நான் உயிரோடு இருக்கவும், எழுதக் கற்கவும், பிடிபட்ட இடத்துக்கே மீண்டும் போகாமல் இருக்கவும் காரணமானவர்களில் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை. இந்த மடல் அவர்களுக்கானது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. பாடல்கள் பரவத் தொடங்கிய பிறகு, நேர்காணல் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: தெருவிலிருந்து இந்த மேடைக்கு எப்படி வந்தீர்கள்? "தெருதான் என் பள்ளிக்கூடம்" என்று நானும் சொல்லிவைத்தேன். கேட்க நன்றாக இருந்தது, தலைப்பாகவும் போட்டார்கள். அது உண்மையில்லை. விழித்துக்கொண்டே உறங்குவது, காலடி ஓசையை வைத்து ஆளை அறிவது, எந்தக் கேள்விக்கும் முதலில் பொய்யை எடுத்து நீட்டுவது, இவை மூன்றைத்தான் தெரு எனக்குக் கற்றுத்தந்தது. என்னோடு அங்கே திரிந்த ஆறு பேரில் இருவர் இன்று இல்லை. ஒருவன் சிறையில் இருக்கிறான். அவர்களுக்கும் வாய்த்தது அதே தெருதான். எனக்குக் கூடுதலாக வாய்த்தவர்கள் நீங்கள். அந்தப் பழைய பதிலை இந்த மடலின் வழியாகத் திருத்திக்கொள்கிறேன்.

நான் பிழைத்துவரும் இந்தக் கலையின் வரலாற்றிலேயே பெயர் விடுபட்டவர்கள் ஏராளம். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் விருந்து நடந்த அந்த நாளை, ராப்பும் அடங்கிய ஹிப் ஹாப் கலை பிறந்த நாள் என்கிறார்கள். அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றிய டிஜே கூல் ஹெர்க்கை உலகம் அறியும். பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் திரட்ட வேண்டும் என்று அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் சில நொடித் தாளம், பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான ராப் பாடல்களைத் தாங்கி நின்றது. ஆனால் அந்தத் தாளம் இடம்பெற்ற மூலப் பாடலை இயற்றியவராக அவர் பெயர் பதிவாகாததால், அதற்குரிய ராயல்டி அவர் கைக்கு வரவில்லை. அவர் 2017இல் காலமானார். இதைப் படித்த அன்று, வேறு எதையும் கேட்காமல், நாள் முழுவதும் அந்தத் தாளத்தை மட்டுமே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பாடல்களிலும் யாருடைய தாளமெல்லாம் பெயரில்லாமல் ஓடுகிறது என்று எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

நன்றி சொல்லும் உரிமையே எனக்கு இல்லாத ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். ஐயா, என் முதல் வரிகள் பதிவானது உங்கள் கைப்பேசியில். எனக்கு அப்போது 15 வயது. நீங்கள் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, நானும் இன்னொருவனும் அதைப் பறித்துக்கொண்டு ஓடினோம். இழுத்த வேகத்தில் நீங்கள் கீழே விழுந்ததையும் நான் திரும்பிப் பார்த்தேன், ஆனால் நிற்கவில்லை. விற்பதற்கு ஆள் கிடைக்கும்வரை இரண்டு இரவுகள் அது என்னிடம் இருந்தது. பாலத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, அதில் ஏழு துண்டுகளைப் பாடிப் பதிந்தேன். மூன்றாம் நாள் பிடிபட்டேன். வழக்கு முடிந்து பொருள் உங்களிடம் திரும்பியபோது, முன்பின் தெரியாத ஒரு பையனின் குரல் அதில் இருப்பதைக் கேட்டிருக்கிறீர்கள். வேறு யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள். நீங்கள் அந்த ஏழு பதிவுகளையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றி, நன்னடத்தை அலுவலர் வழியாக எனக்குக் கொடுத்தனுப்பினீர்கள். உடன் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது: "நான்காவது நன்றாக இருக்கிறது. மற்றவற்றில் வேறு யாரோ பேசுகிறார்கள்." நான்காவதில் நான் என் அம்மாவைப் பற்றிப் பாடியிருந்தேன். மற்ற ஆறிலும் துப்பாக்கியும் விலையுயர்ந்த காரும் வந்தன. அவ்விரண்டையும் அதுவரை நான் தொட்டதுகூட இல்லை. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. அதைவிடச் சரியான விமர்சனம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அன்று உங்களை விழச் செய்ததற்கு மன்னிப்பையும், அதன்பின் நீங்கள் செய்ததற்கு நன்றியையும் ஒருசேரச் சொல்வது முறைதானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சீர்திருத்த இல்லத்தில் வாரம் இருமுறை தமிழ் வகுப்பு எடுத்த டீச்சருக்கு அடுத்த நன்றி. நான்காவது பதிவை உங்களிடம் கேட்கக் கொடுத்தபோது, கெட்ட வார்த்தை எதுவும் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்களோ, "இதில் எதுகை வைத்திருக்கிறாயே, யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டீர்கள். எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. ஆங்கில ராப்பைக் கேட்டுப் பழகிய என் காது, அடியின் கடைசியில் மட்டுமே ஒலி ஒத்துப்போக வேண்டும் என்று நினைத்திருந்தது. தமிழில் வந்தேன், நின்றேன், சென்றேன் என்று வினைமுற்றுகள் தாமாகவே ஒன்றுபோல் முடிவதால், கடைசியில் பொருத்துவது எளிது, எளிதாக இருப்பதாலேயே கேட்பவருக்குச் சீக்கிரம் சலித்துவிடும் என்று காட்டினீர்கள். 'பட்டினி' என்று ஓர் அடி தொடங்கினால், 'சட்டை' என்றோ 'கட்டடம்' என்றோ தொடங்கும் அடுத்த அடி அதை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்பதைக் கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொன்னீர்கள். என் ஃப்ளோவை, அதாவது தாளத்தோடு சொற்கள் ஓடும் விதத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் அதற்கு ஏதேதோ மேல்நாட்டு முன்மாதிரிகளைக் காட்டுகிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளை உங்களிடம் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் புகழ் நியாயமாக உங்கள் கரும்பலகைக்குச் சேர வேண்டியது.

17 வயதில் முதன்முதலாக சைஃபர் வட்டத்தில் நின்றேன். ஒருவர்பின் ஒருவராக முறைவைத்துப் பாடும் அந்த வட்டத்தில், இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டி, பாதி அடியில் நின்றுவிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க என்னைத் தோற்கடித்த அண்ணன், மறுநாள் காலையில் என்னைத் தேடி வந்தார். ஒரு வெர்ஸுக்கு, அதாவது பாடலின் ஒரு பகுதிக்கு, 16 பார், ஒரு பாருக்கு 4 தட்டு, ஆக 64 தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில் இவை எல்லாம் 43 நொடிக்குள் முடிந்துவிடும், அதற்குள் எங்கே மூச்சு வாங்குவாய் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தாளில் எழுதிய ஒவ்வோர் அடியிலும் மூச்சுக்கான இடத்தைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். அண்ணே, குடும்பத்துக்காக நீங்கள் பாடுவதை விட்டுவிட்டீர்கள். மேடைக்கு நான் எடுத்துப்போகும் தாள்களில் இன்றும் அந்தப் பென்சில் கோடுகள் இருக்கின்றன.

ஒலிப்பதிவு அக்காவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பணம் கட்டியவர்களின் வேலை முடிந்து, விளக்கை அணைக்கும் நேரத்துக்குப் பிறகு, நள்ளிரவு 1 மணி முதல் 4 மணி வரை எனக்காகக் கூடத்தைத் திறந்து வைத்தவர் அவர். காசு வாங்கவில்லை. குடிக்காமல் வர வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டும் விதித்தார். இரண்டாவதை ஒருமுறை மீறியபோது, மூன்று வாரம் கதவைத் திறக்கவில்லை. மைக்கை நெருங்கினால் குரல் கனத்துவிடும், விலகினால் சுவரின் எதிரொலி சேர்ந்துவிடும் என்பதை, தரையில் ஒட்டுநாடாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் என்னை நிற்கவைத்துப் புரியவைத்தார். பாடும்போது தவறினால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. அக்கா அதற்கு ஒப்பவில்லை. "மேடையில் உனக்கு வெட்டி ஒட்ட யார் வருவார்கள்?" என்று கேட்டு, ஒரே வெர்ஸை 31 டேக் பாடவைத்தார். அன்று எனக்கு வந்த கோபத்தில் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில், விரல் பொத்தான்மேல் இருக்க, காத்துக்கொண்டிருந்தார். 32ஆவது டேக்தான் வெளியானது. அவர் பதிவு செய்த பாடல்கள் தொகுப்பில் சேராததால் உறையில் அவர் பெயர் இல்லை. அதில் சேர்ந்த ஒவ்வொரு பாடலையும் அவர் போட்ட கோட்டில் நின்றுதான் பாடினேன்.

என் முதல் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டிய வழக்கறிஞர் ஐயாவுக்கு நான் கடன்பட்டது பணத்தால் தீராது. 22 வயதில் ஒரு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், நீட்டிய தாள்களில், முன்பணமாக இருந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடத் துடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு, ஒரு காசும் வாங்காமல், ஒவ்வொரு பிரிவாக விளக்கினார். முன்பணம் பரிசு இல்லை, என் ராயல்டியிலிருந்தே கழித்துக்கொள்ளப்படும் தொகை என்பதும், மூலப் பதிவுகளின் உரிமை எனக்கு ஒருபோதும் திரும்பாது என்பதும், மேடை வருமானத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தன. என் பாடல் ஒன்றில் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த நான்கு நொடி சாம்பிள் இருப்பதையும் அவரே கண்டுபிடித்தார். 1991இல் நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அனுமதியில்லாத சாம்பிளைத் திருட்டு என்றே கண்டித்துத் தீர்ப்பளித்ததை எடுத்துச்சொல்லி, பதிவின் உரிமையாளரிடம் ஓர் அனுமதி, பாடலை இயற்றியவரிடம் இன்னோர் அனுமதி என்று இரண்டு வேண்டும் என விளக்கினார். கையெழுத்திடவில்லை. கையில் காசில்லாமல் கழிந்த அடுத்த 14 மாதங்களில் அவரை மனத்துக்குள் பலமுறை திட்டியிருக்கிறேன். இப்போதுள்ள ஒப்பந்தத்தில் என் பதிவுகள் குறித்த காலத்துக்குப் பின் எனக்கே திரும்பும். திட்டியதற்கும் சேர்த்துப் பொறுத்தருளுங்கள், ஐயா.

பெயர் சொல்ல இயலாத ஓர் அண்ணன் இருக்கிறார். ஓரிரவு எல்லோரும் ஒரு தகராறுக்குக் கிளம்பியபோது, வண்டியில் ஏறிய என்னைக் கீழே இறக்கி, என் ஒற்றைச் செருப்பைப் பிடுங்கி உள்ளே எறிந்துவிட்டு, "நீ வராதே, போய் எழுது" என்று சொல்லிக் கதவை அடைத்தார். இன்று இல்லை என்று நான் மேலே சொன்ன இருவரும் அந்த வண்டியில்தான் போனார்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதனால் துன்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும், அந்த ஒற்றைச் செருப்புக்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். நீளமாக எழுதினால் களைத்துவிடுவார். நான்கு ஆண்டுகள் கதவைத் தாழிடாமல் படுத்திருந்ததற்கு நன்றி, அம்மா.

கடைசியாக, சிறையில் இருக்கும் நண்பனுக்கு. நம் பாடல்களில் மிக அதிகம் கேட்கப்பட்ட பாடலில், திரும்பத் திரும்ப வரும் ஹூக்கில், இரண்டாவது அடி உன்னுடையது. மழைக்கு ஒதுங்கி நின்ற இரவில் நீ அதைச் சொன்னாய். நான் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். தொகுப்பின் உறையில் வரிகள் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் அச்சாகியிருக்கிறது. அவசரத்தில் நேர்ந்தது என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. எனக்கு நினைவிருந்தது, சொல்லத் துணிவில்லை. ஒரு டிரம்ஸ் கலைஞரின் கதைக்காக நாள் முழுவதும் வருந்திய நான், உனக்கு அதையே செய்திருக்கிறேன். அந்தப் பாடலின் பதிவில் உன்னையும் பாடலாசிரியராகச் சேர்க்கும் விண்ணப்பத்தில் சென்ற வாரம் கையெழுத்திட்டுவிட்டேன். முதல் நாளிலிருந்து சேர்ந்த உன் பங்கைக் கணக்கிட்டு உன் அம்மாவிடம் சேர்ப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். கணக்குத் தாளின் படி ஒன்று உனக்கும் வரும், சரிபார்த்துக்கொள்.

தொகுப்பின் இரண்டாம் பதிப்பு அச்சாக இருக்கிறது. அதன் உறையில் ஒரு முழுப் பக்கத்தை இம்மடலில் உள்ளவர்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறேன். உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும், முன்னெழுத்து எது, பெயரே வேண்டாமா என்பதை அச்சுக்குப் போகும் முன் தெரிவியுங்கள். வேண்டாம் என்பவர்களின் இடத்தை வெற்றிடமாக விடுவேன். அதில் வேறு பெயர் எதையும் சேர்க்க மாட்டேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தம்பி