சதுப்பு நிலத்துக்கு விலை கேட்பவர்கள் முறையாகக் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாதுகாக்க மாதம் எவ்வளவு ரூபாய் தருவீர்கள் என்று கேட்டு, சில மாணவர்கள் படிவத்தோடு எங்கள் குடியிருப்புக்கு வந்தார்கள். மேல்வீட்டில் ஐடி வேலை பார்ப்பவர் யோசிக்காமல் ஐநூறு என்றார். பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பிலிருந்து வேலைக்கு வரும் அக்கா பத்து ரூபாய் என்றார். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மட்டும், "வீட்டு வரி கட்டுறேன், குப்பை வரி கட்டுறேன், ஏரியில மண்ணைக் கொட்டி வித்தவன்கிட்ட போய்க் கேளுங்க, நான் ஒரு பைசா தரமாட்டேன்" என்று சத்தம் போட்டார். படிவத்தில் அவருக்கு விழுந்தது பூஜ்யம், காரணம் எழுத அதில் இடமே இல்லை.

இப்படிக் கணக்கெடுப்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சதுப்பு நிலத்துக்குச் சந்தையில் விலை கிடையாது, விலை இல்லாத எதுவும் திட்ட அறிக்கையில் கணக்கிலேயே வராமல் போய்விடும், அதே அறிக்கையில் சாலைக்கும் அடுக்குமாடிக்கும் பலன் கோடிக்கணக்கில் எழுதியிருக்கும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை வந்து தங்கும் இடம் இது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1,248 ஹெக்டேர் அளவுக்கு இடம்பெற்ற பிறகும், பெருங்குடி குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் நடுவில்தான் பூநாரைகள் இரை தேடுகின்றன. இதற்கு ஒரு தொகை எழுதி வைத்தால் நல்லதுதான்.

ஆனால் அந்தத் தொகையை எப்படிப் பெறுவது என்பதில் உலகம் ஒரு பெரிய சண்டையே போட்டு முடித்திருக்கிறது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டஸ் கப்பல் பாறையில் மோதி ஒரு கோடி கேலனுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. அந்தக் கடற்கரையை ஒருநாளும் பார்க்கப் போகாத அமெரிக்கக் குடும்பங்களிடம், இனி இப்படி ஒரு விபத்து நடக்காமல் தடுக்க ஒரே ஒரு முறை இவ்வளவு தரச் சம்மதமா என்று வெவ்வேறு தொகைகளைச் சொல்லிக் கேட்டார்கள். பதில்களிலிருந்து கணக்கிட்ட இடைநிலைத் தொகை, அதாவது பாதிப் பேர் தரத் தயாராக இருந்த தொகை, குடும்பத்துக்குச் சுமார் 31 டாலர், நாடு முழுக்கக் கூட்டினால் ஏறக்குறைய 280 கோடி டாலர். வாயால் சொன்ன தொகையை நம்பலாமா என்ற சர்ச்சை கிளம்ப, நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ இருவரும் தலைமை தாங்கிய குழு 1993-இல் விதிமுறைகளைச் சொன்னது. எவ்வளவு தருவீர்கள் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதே, இவ்வளவு வரி கூடும், ஆதரித்து ஓட்டுப் போடுவாயா மாட்டாயா என்று கேள். அந்தப் பணம் போனால் வேறு செலவைக் குறைக்க வேண்டும் என்று நினைவுபடுத்து. அப்புறம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கட்டாயம் கேள்.

இந்தக் கடைசிக் கேள்விதான் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். அந்தப் பெரியவரின் பூஜ்யம் கோபத்தில் வந்தது, சதுப்பு நிலம் வேண்டாம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. காரணம் கேட்காமல் அதைச் சராசரியில் சேர்த்தால், மக்களுக்கு அக்கறை இல்லை என்று நாளைக்கு எவரும் எழுதிவிடலாம். அந்த அக்காவின் பத்து ரூபாயும் அப்படித்தான். தண்ணீர் வந்தால் முதலில் அவர் தெருவில்தான் நிற்கும், நீர் உள்வாங்கும் நிலம் அவருக்குத்தான் அதிகம் தேவை, ஆனால் கணக்கில் ஐநூறு சொன்னவரின் விருப்பம் அவருடையதைப் போல ஐம்பது மடங்காகிவிடுகிறது. இந்த வித்தியாசம் காட்டுவது சம்பளத்தின் அளவை, தேவையின் அளவை இல்லை. சதுப்பு நிலத்தின் நீர் வடியும் ஒக்கியம் மடுவில் வீச்சுவலை போடுகிறவரிடமோ இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது. ஏற்கெனவே அவர் பிழைப்பாக இருக்கும் தண்ணீருக்கு அவரே ஏன் பணம் தர வேண்டும்? அதை இழக்க என்ன ஈடு கேட்பீர்கள் என்றுதான் கேட்க வேண்டும், அந்தத் தொகை பெரும்பாலும் பல மடங்கு பெரியதாக இருக்கும்.

எனவே இப்படிப்பட்ட ஆய்வு எதையும் அரசு தன் திட்டத்துக்கு ஆதாரமாக எடுப்பதற்கு முன், கேள்வித்தாளைத் தமிழில் வெளியிட வேண்டும். பூஜ்யம் சொன்னவர்களின் காரணங்களைத் தனியாகப் பட்டியலிட வேண்டும். வருமான வாரியாக முடிவுகளைப் பிரித்துக் காட்டி, எங்கள் வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில் வைத்து விவாதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளிக்கரணை, சென்னை.